பிரசவத்துக்கான மருத்துவக் காப்பீடு: பெங்களூருவில் வாழும் தம்பதியருக்கு முழுமையான வழிகாட்டி

பெங்களூருவில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் ஊழியர்களின் குழுக் காப்பீட்டைக் கவனித்துவருகிறேன். என்னுடைய இரண்டு பிரசவங்களுக்கும் கிளைம் போட்ட அனுபவமும் உண்டு. என்னிடம் விவரம் கேட்க வருகிறவர்களில் பெரும்பாலோர் கர்ப்பம் உறுதியான பிறகே வருகிறார்கள். வந்ததும் பிரீமியம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பிரீமியம் கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் நாள், அடுத்து ஊர், பிறகு தொகை, அதன்பின் பிறக்கப்போகும் குழந்தை என்று நான்கையும் தீர்மானித்த பிறகே பிரீமியங்களை ஒப்பிடுவதில் பொருள் உண்டு. கீழே உள்ள படிகளையும் ஏறத்தாழ அந்த வரிசையிலேயே அமைத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் இருவரின் ஆதார், திருமணப் பதிவுச் சான்றிதழ், ஏற்கெனவே உள்ள பாலிசிகளின் முழு ஆவணம், தைராய்டு, பி.சி.ஓ.டி., சர்க்கரை ஆகியவற்றுக்கு மருந்து எடுத்திருந்தால் அந்தச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். பாலிசி அட்டையும் ஒரு பக்கச் சுருக்கமும் போதாது. நிபந்தனைகள் முழு ஆவணத்தில்தான் இருக்கின்றன.

1. நாட்காட்டியை வைத்துக் கணக்குப் போடுங்கள்

தனிநபர் பாலிசியிலும் குடும்பம் முழுவதும் ஒரே தொகையைப் பகிர்ந்துகொள்ளும் ஃப்ளோட்டர் பாலிசியிலும் பிரசவச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. சிலவற்றில் அது ஒன்பது மாதம். பலவற்றில் இரண்டு அல்லது மூன்று ஆண்டு. பாலிசி தொடங்கிய நாளிலிருந்து அந்தக் காலம் இடைவெளியின்றிக் கழிந்த பிறகே பிரசவக் கிளைம் செல்லும். கர்ப்பம் தரித்த பிறகு எடுக்கும் சாதாரண பாலிசி அந்தப் பிரசவத்துக்கு உதவாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இரண்டாண்டு காத்திருப்புள்ள பாலிசியை 2026 பிப்ரவரி 1 அன்று தொடங்கினால், 2028 பிப்ரவரி 1 முதல் நடக்கும் பிரசவத்துக்கே பணம் கிடைக்கும். நாற்பது வாரக் கணக்கில் பின்னோக்கிப் பார்த்தால், கடைசி மாதவிடாய் நாள் 2027 ஏப்ரல் 27 ஆக இருக்க வேண்டும். பலர் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். முப்பத்திரண்டாம் வாரத்திலேயே குறைமாதப் பிரசவம் ஆகிவிட்டால் காத்திருப்புக் காலம் முடிந்திருக்காது. செலவோ இருமடங்கு, மும்மடங்கு ஆகும். எனவே எட்டு வாரம் கூடுதலாக விட்டு, ஜூன் கடைசிக்குப் பிறகு என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

காத்திருப்புக் காலம் பிரசவ நாளோடு ஒப்பிடப்படுகிறதா, கர்ப்பம் தரித்த நாளோடு ஒப்பிடப்படுகிறதா என்பதைப் பாலிசி வாசகத்தில் தேடிப் படியுங்கள். கணவன் மனைவி இருவரும் அதே பாலிசியில் தொடர்ந்து இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சிலவற்றில் உண்டு. மனைவிக்கு மட்டும் தனியாக எடுத்தவர்கள் அங்கே சிக்கிக்கொள்கிறார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காப்பீட்டுக்காகக் குழந்தையைத் தள்ளிப் போடாதீர்கள். முப்பத்து மூன்று வயதுப் பெண்ணிடம் ஐம்பதாயிரம் ரூபாய்க்காக இரண்டாண்டு பொறுத்திரு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அத்தகையவர்கள் இரண்டாம் படியிலும் ஏழாம் படியிலும் முழுக் கவனத்தைச் செலுத்துவதே சரி.

2. ஏற்கெனவே கையில் இருப்பதைக் கணக்கெடுங்கள்

நிறுவனங்கள் தரும் குழுக் காப்பீட்டில் பிரசவத்துக்கான ஒன்பது மாதக் காத்திருப்பைப் பெரும்பாலும் தளர்த்தியிருப்பார்கள். சேர்ந்த நாளிலிருந்தே பிரசவச் செலவு கிடைக்கும். ஆகவே கர்ப்பமான பிறகு விழித்துக்கொண்டவர்களுக்கு முதல் வழி கணவன், மனைவி இருவரின் அலுவலகப் பாலிசிகள்தாம். மனிதவளப் பிரிவிடம் நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: காத்திருப்பு தளர்த்தப்பட்டுள்ளதா, சுகப்பிரசவத்துக்கும் சிசேரியனுக்கும் தனித்தனி உச்சவரம்பு எவ்வளவு, எத்தனையாவது குழந்தை வரை செல்லும், பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்து பாதுகாப்பு உண்டா.

நான் அடிக்கடி காணும் பிழை ஒன்று உண்டு. திருமணமான ஊழியர் மனைவியின் பெயரைச் சேர்ப்பதற்கு நிறுவனம் ஒரு கெடு வைத்திருக்கும். திருமண நாளிலிருந்தோ வேலையில் சேர்ந்த நாளிலிருந்தோ பொதுவாக ஒரு மாதத்துக்குள். அந்தக் கெடு கடந்தால் அடுத்த ஆண்டுப் புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டும். தை மாதத்தில் திருமணம் முடித்து, விடுப்பு, மறுவீடு, வீடு மாற்றம் என்று அலைந்த ஒருவர் பங்குனியில் வந்து பெயர் சேர்க்கக் கேட்டபோது, முடியாது என்று சொல்ல வேண்டிய நிலை எனக்கு வந்தது. ஐப்பசியில் குழந்தை பிறந்தது. முழுச் செலவும் அவர் கையிலிருந்து போனது. தாலி கட்டிய வாரத்திலேயே அந்தப் படிவத்தை நிரப்பிவிடுங்கள்.

குழுக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. ஏழாம் மாதத்தில் கணவர் வேலை மாறினால், பழைய பாலிசி பொதுவாகக் கடைசி வேலை நாளோடு நின்றுவிடும். புதிய நிறுவனத்தின் பாலிசியில் காத்திருப்பு தளர்த்தப்பட்டுள்ளதா என்று ஆஃபர் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வேலையை விட்டு வெளியேறும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளும் உரிமையும் உண்டு.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் ஆகிறதென்றால், ராஜாஜிநகர், இந்திராநகர் ஆகிய இடங்களில் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் சிகிச்சை பெறலாம். தகுதியுள்ள பெண் ஊழியருக்கு 26 வாரம் வரை விடுப்புக்கால ஊதியமும் கிடைக்கும். எந்தக் காப்பீடும் இல்லாமல் கர்ப்பம் முற்றியவர்களுக்கு அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. வாணி விலாஸ் மருத்துவமனையிலும் சிவாஜிநகர் கோஷா மருத்துவமனையிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பிரசவம் பார்த்துவருகின்றன. மத்திய அரசின் 2011ஆம் ஆண்டுத் திட்டப்படி அரசு மருத்துவமனைகளில் சிசேரியன் உட்படப் பிரசவம் கட்டணமில்லாதது. அவசரமாக ஏதோ ஒரு பாலிசியை வாங்கிப் பணத்தை இழப்பதைவிட இது பல மடங்கு மேல்.

3. பிரசவம் எந்த ஊரில் என்று தீர்மானியுங்கள்

நம் வழக்கப்படி வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். பெங்களூருவில் ஐந்து நல்ல மருத்துவமனைகளை விசாரித்து அவை நெட்வொர்க்கில் (காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்த மருத்துவமனைகளின் பட்டியலில்) உள்ளனவா என்று பார்த்துப் பாலிசி எடுத்துவிட்டு, சேலத்திலோ வேலூரிலோ திருநெல்வேலியிலோ போய்ப் பிரசவிக்கிறோம். அந்த ஊரில் உள்ள மருத்துவமனை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும் எண்ணமே வருவதில்லை.

என் முதல் பிரசவத்தில் எனக்கு இதுவே நேர்ந்தது. அம்மா வீட்டுக்கு அருகில் இருந்த மருத்துவமனை நெட்வொர்க்கில் இல்லை. கட்டிய பணத்தைப் பின்னர் திரும்பப் பெறலாம் என்று நினைத்தோம். அவர்கள் தந்த ரசீதில் 'சிசேரியன் பேக்கேஜ்' என்ற ஒரே வரியும் ஒரே தொகையும் மட்டுமே இருந்தன. அறை வாடகை, அறுவை அரங்கு, மயக்க மருத்துவர், மருந்து என்று பிரித்துக் காட்டாத ரசீதுக்குப் பணம் தர இயலாது என்று கோப்பு திரும்பிவந்தது. கைக்குழந்தையோடு நான் இருக்க, என் கணவர் அந்த விவர ரசீதுக்காகப் பெங்களூருவிலிருந்து இரண்டு முறை போய்வந்தார்.

ஆகவே பாலிசியைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு ஊர்களுக்கும் பட்டியல் பாருங்கள். நிறுவனத்தின் இணையப் பட்டியலில் பெயர் இருந்தாலும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவை அழைத்து, இந்தப் பாலிசியில் பிரசவத்துக்கு கேஷ்லெஸ் (பில்லைக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டும் வசதி) தருகிறீர்களா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். சில நிறுவனங்கள் ஊர்களை மண்டலங்களாகப் பிரித்துப் பிரீமியம் வைக்கின்றன. குறைந்த பிரீமியத்துக்காகச் சொந்த ஊர் முகவரியைக் கொடுத்துவிட்டுப் பெங்களூருவில் சிகிச்சை பெற்றால், பில்லில் ஒரு பங்கை நீங்களே ஏற்க வேண்டிவரலாம். வசிக்கும் முகவரியையே கொடுங்கள்.

4. மருத்துவமனையிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள்

ஒயிட்ஃபீல்டில் உள்ள பெரிய மருத்துவமனைக்கும் லிங்கராஜபுரத்தில் உள்ள நர்சிங் ஹோமுக்கும் கட்டணம் ஒரே அளவில் இருக்காது. நண்பர் சொன்ன தொகையை நம்பிப் பாலிசியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சுகப்பிரசவம், சிசேரியன் இரண்டுக்கும், நீங்கள் எடுக்கப்போகும் அறை வகைக்குத் தனியாக எஸ்டிமேட் கேளுங்கள். குழந்தை மருத்துவர் கட்டணமும் என்.ஐ.சி.யு. எனப்படும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒரு நாள் வாடகையும் அதில் சேர்ந்துள்ளனவா என்று பாருங்கள், பெரும்பாலும் சேர்ந்திருக்காது. இந்தத் தாள் கையில் இருந்தால்தான் அடுத்த படியில் எந்த உச்சவரம்பு போதும், எது போதாது என்று சொல்ல முடியும்.

5. உச்சவரம்பையும் அறை வாடகையையும் சேர்த்துப் பாருங்கள்

பத்து லட்ச ரூபாய்ப் பாலிசி என்றால் பிரசவத்துக்கும் பத்து லட்சம் கிடைக்கும் என்று நினைப்பது பரவலான தவறு. பிரசவத்துக்கென்று தனி உச்சவரம்பு இருக்கும். அது மொத்தத் தொகையில் ஒரு சிறு பகுதியே. கர்ப்பகால ஸ்கேன், பரிசோதனை, மருத்துவரைப் பார்க்கும் கட்டணம் ஆகியவை அந்த வரம்புக்குள்ளேயே அடங்குமா, தனியா, அல்லது இல்லவே இல்லையா என்று பாருங்கள்.

அடுத்தது அறை வாடகை வரம்பு. பாலிசி ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் அறையை அனுமதிக்கிறது. நீங்கள் 8,000 ரூபாய் அறை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் நாளுக்கு 3,000 தானே என்று தோன்றும். ஆனால் அறைக்கு ஏற்பக் கட்டணம் மாறும் மருத்துவமனைகளில் மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணங்களும் எட்டில் ஐந்து என்ற அதே விகிதத்தில் குறைக்கப்படும். அவை சேர்ந்து 60,000 ரூபாய் என்றால் 37,500 மட்டுமே கணக்கில் வரும். மருந்து, பரிசோதனை ஆகியவற்றுக்கு இந்தக் குறைப்பு கிடையாது. வலி வந்த நேரத்தில் எந்த அறை காலியோ அதில் சேர்த்துவிடுவார்கள் என்பதால், அறை வாடகை வரம்பே இல்லாத பாலிசி பிரசவத்துக்கு ஏற்றது.

இப்போது பிரீமியத்தை எடுத்துக்கொள்ளலாம். பிரசவப் பாதுகாப்பைச் சேர்ப்பதால் ஆண்டுக்குக் கூடுதலாக 12,000 ரூபாய் ஆகிறது, காத்திருப்பு மூன்றாண்டு, வரம்பு 50,000 ரூபாய் என்று ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்ளுங்கள். காத்திருப்பு முடிந்து கிளைம் போடும் நான்காம் ஆண்டின் பிரீமியத்தையும் சேர்த்து 48,000 ரூபாய் கட்டிவிட்டு, 50,000 ரூபாய் பெறுகிறீர்கள். அந்த 48,000 ரூபாயை வங்கியில் மாதச் சேமிப்பாகப் போட்டுவைப்பதும் ஏறத்தாழ அதே பலனைத் தரும். எனவே பிரசவ வரம்பு ஒன்றை மட்டும் பார்த்துப் பாலிசியை முடிவு செய்யாதீர்கள். பிறந்த குழந்தைக்கான பாதுகாப்பே பாலிசிக்குப் பாலிசி பெரிதும் மாறுபடுகிறது. பெருஞ்செலவும் அங்கேதான் வருகிறது.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. யாராவது 18 சதவீதம் சேர்த்துக் கணக்குச் சொன்னால் அது பழைய கணக்கு.

6. விலக்குகளைப் படியுங்கள்

பிரசவப் பாதுகாப்பு சேர்க்காத பாலிசிகளில் பதினெட்டாம் எண் விலக்கு என்ற ஒரு பத்தி இருக்கும். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அந்த வாசகத்தின்படி பிரசவம், சிக்கலான பிரசவம், சிசேரியன், கருச்சிதைவு ஆகியவற்றின் செலவு கிடையாது. கரு கருப்பைக்கு வெளியே தங்கிவிடும் நிலைக்கான சிகிச்சைக்கும் விபத்தால் ஏற்பட்ட கருச்சிதைவுக்கும் விதிவிலக்கு உண்டு. கருக்குழாயில் கரு தங்கி அவசர அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்கள், பிரசவப் பாதுகாப்பு இல்லையே என்று எண்ணிக் கிளைமே போடாமல் விட்டிருக்கிறார்கள். போடுங்கள், அது உங்கள் உரிமை.

அதற்கு முந்தைய பதினேழாம் எண் விலக்கு குழந்தையின்மை சிகிச்சை பற்றியது. ஐ.வி.எஃப். செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால், அந்தச் செலவைத் தனியாகச் சேர்த்துள்ள பாலிசியைத் தேட வேண்டும்.

நல்ல நாள், நல்ல நட்சத்திரம் பார்த்துச் சிசேரியன் செய்துகொள்பவர்களும் கவனிக்க வேண்டும். மருத்துவக் காரணம் என்ன என்று காப்பீட்டு நிறுவனம் கேட்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் காரணம் இல்லையென்றால் பணம் குறையவோ மறுக்கப்படவோ இடமுண்டு.

7. குழந்தைக்கு எந்த நாளிலிருந்து பாதுகாப்பு என்று கேளுங்கள்

இந்தப் படியை யாரும் தவிர்க்க வேண்டாம். பல தனிநபர் பாலிசிகளில் குழந்தையை 91ஆம் நாளிலிருந்தே சேர்க்க முடியும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்.ஐ.சி.யு.வில் இருப்பதோ பிறந்த முதல் சில வாரங்களில். பாதுகாப்பு தேவைப்படும் நாட்கள் முழுவதும் அந்த இடைவெளியில் விழுந்துவிடுகின்றன.

கேட்க வேண்டியவை மூன்று. முதல் நாளிலிருந்து பாதுகாப்பு உண்டா? உண்டென்றால் அது பிரசவ உச்சவரம்புக்குள்ளா, பாலிசியின் முழுத் தொகைக்கா? மஞ்சள் காமாலைக்கு விளக்கொளியில் வைப்பதுபோன்ற எளிய சிகிச்சை எந்தக் கணக்கில் வரும்? முழுத் தொகை வரை முதல் நாளிலிருந்தே தரும் பாலிசியும், பிரசவ வரம்பான ஐம்பதாயிரத்துக்குள்ளேயே குழந்தையையும் அடக்கிவிடும் பாலிசியும் விளம்பரத்தில் ஒரே மாதிரிதான் தோன்றும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால், பிரசவ வரம்பு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, முதலாவதை எடுங்கள்.

8. விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள்

முகவர் நிரப்பித் தரும் படிவத்தில் உடல்நலக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று இருக்கும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் அதில் கையெழுத்திட்டால், பின்னாளில் மருத்துவமனைக் குறிப்பில் அந்த மாத்திரையின் பெயர் வரும்போது முழுக் கிளைமும் ஆபத்துக்குள்ளாகும். கர்ப்பமாக இருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

தமிழர்களுக்கே உரிய இன்னொரு சிக்கல் முன்னெழுத்து. பாலிசியில் தந்தையின் முன்னெழுத்து, மருத்துவமனைப் பதிவில் கணவரின் பெயர், ஆதாரில் வேறொரு வரிசை என்று இருந்தால், இவர்தான் அவர் என்று நிரூபிக்கச் சொல்லி நள்ளிரவில் கேள்வி வரும். ஆதாரில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் சரிபார்க்கும் காலம் உண்டு. அதற்குள் முழு ஆவணத்தையும் படித்து, சொன்னதற்கும் எழுதியதற்கும் வேறுபாடு இருந்தால் ரத்து செய்துவிடலாம்.

9. கேஷ்லெஸ் அனுமதிக்கு முன்கூட்டியே தயாராகுங்கள்

எட்டாம் மாதத்தில் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்குப் போய் முன் அனுமதிப் படிவத்தை வாங்குங்கள். அதில் பிரசவத்துக்கென்று ஒரு வரி இருக்கும்: ஜி, பி, எல், ஏ என்று நான்கு எழுத்துகள், பக்கத்தில் எதிர்பார்க்கும் பிரசவ நாள். எத்தனையாவது கர்ப்பம், எத்தனை பிரசவம், உயிரோடுள்ள குழந்தைகள், கருச்சிதைவுகள் என்பவற்றை அவை குறிக்கின்றன. சில பாலிசிகளில் உள்ள, இரண்டு குழந்தை வரை என்ற நிபந்தனையைச் சரிபார்ப்பதற்கு இந்த எண்களையே பார்க்கிறார்கள். மருத்துவர் அவசரத்தில் தவறாக எழுதிவிட்டால் அனுமதி நின்றுவிடும். அங்கேயே படித்துப் பாருங்கள்.

2024ஆம் ஆண்டில் காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட விதிகளின்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் நேரத்து இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் பதில் வர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால், அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். கோரிக்கை அனுப்பிய நேரத்தைக் குறித்து வையுங்கள். எவ்வளவு அனுமதி வந்தாலும் கையுறை, டயப்பர் போன்ற பொருட்களுக்கென்று ஒரு தொகை பில்லில் உங்கள் பங்காக நிற்கும். அதற்குப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

10. வீடு திரும்பிய பின் செய்ய வேண்டியவை

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனை செய்துவிடும் என்றாலும் பெயரில் எழுத்துப்பிழை இல்லை என்று பாருங்கள். பெயர் வைக்கவில்லை என்பதற்காகக் குழந்தையைப் பாலிசியில் சேர்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். தாயின் பெயரைக் குறிப்பிட்டு 'அவருடைய குழந்தை' என்றே முதலில் சேர்க்கலாம்.

பணம் கட்டித் திரும்பப் பெறுவதாக இருந்தால் விவர ரசீது, பணம் கட்டிய ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றின் அசல்களை மருத்துவமனையை விட்டு வெளியேறும் முன்பே வாங்குங்கள். அனுப்பும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள். இருவருக்கும் தனித்தனிப் பாலிசி இருந்தால், முதல் நிறுவனம் தந்தது போக மீதியை இரண்டாவதிடம் கேட்கலாம். முதல் நிறுவனத்தின் செட்டில்மென்ட் கடிதமும், மருத்துவமனை சான்றளித்த நகல்களும் அதற்குத் தேவை.

11. மறுக்கப்பட்டால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்தப் பிரிவின் கீழ் மறுத்தார்கள் என்று அதில் இருக்க வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார் இணையதளமான பீமா பரோசாவிலும் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லாவிட்டாலும், பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலும், காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) செல்லலாம். பெங்களூரு அலுவலகம் ஜே.பி. நகர் ஜீவன் சௌதா கட்டடத்தில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை; 50 லட்சம் ரூபாய் வரையுள்ள கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள். நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.